பைபிளும் அகழாய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எரிகோவின் மதில் கிடைத்துவிட்டது" என்று ஒரு வீடியோ வரும். "தாவீது என்று ஒரு ராஜாவே கிடையாது" என்று அடுத்த வீடியோ வரும். இரண்டையும் பார்த்துவிட்டு எதை நம்புவது என்று தெரியாதவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் பழைய ஏற்பாடு பற்றியவை. புதிய ஏற்பாட்டுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. பெயர்களைத் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலை ஒட்டியே எழுதியிருக்கிறேன். கடவுள் பேசினாரா என்பது அகழாய்வுக் குழிக்குள் தீரும் கேள்வி அல்ல. அதை இங்கே தொடவில்லை.

பைபிள் வரலாறு உண்மை என்று தொல்லியல் நிரூபித்துவிட்டதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

முடியாது. பைபிள் பல நூற்றாண்டுகளில் பல கைகள் எழுதிய நூல்களின் தொகுப்பு. ஒரு நிகழ்ச்சிக்கும் அது எழுதப்பட்ட காலத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்தே பதில் மாறுகிறது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இராஜாக்களின் புத்தகங்கள் சொல்லும் அரசர்கள், போர்கள், கப்பங்கள் எல்லாம் வெளி ஆதாரங்களோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. அதற்கு முந்தைய தாவீது, சாலொமோன் காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. மோசேக்குப் பின் இஸ்ரவேலரைக் கானானுக்குள் நடத்திய யோசுவாவின் படையெடுப்பு பெரும்பாலும் பொருந்தவில்லை. மோசேயையும் ஆபிரகாமையும் பற்றி இதுவரை மண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை.

நன்றாகப் பொருந்தும் ஓர் இடத்தைக் காட்டுங்கள்.

கி.மு. 701. அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்த ஆண்டு. ஒரே போருக்கு நான்கு தனித்தனி சாட்சிகள் இருக்கின்றன. பண்டைய உலகில் இது அபூர்வம்.

முதலில் பைபிள் (2 இராஜாக்கள் 18, 19). சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடிக்கிறான். அவன் யூதாவின் இன்னொரு நகரமான லாகீசில் இருக்கும்போது எசேக்கியா ராஜா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டுகிறான். எருசலேம் மட்டும் விழவில்லை.

அடுத்தது சனகெரிப்பின் சொந்த வாக்குமூலம். நினிவேயில் 1830-இல் கிடைத்த ஆறுமுகக் களிமண் பட்டகத்தில் ஆப்பெழுத்தில் இருக்கிறது. யூதாவின் 46 அரண் நகரங்களைப் பிடித்தேன், எசேக்கியாவை எருசலேமுக்குள்ளேயே கூண்டுப் பறவையாக அடைத்தேன், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வாங்கினேன் என்கிறான். பொன் கணக்கு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. வெள்ளிக் கணக்குதான் இடிக்கிறது: ஒரு பக்கம் குறைத்திருக்கலாம், மறுபக்கம் கூட்டியிருக்கலாம். இதைவிட முக்கியம், எருசலேமைப் பிடித்தேன் என்று அவன் சொல்லவே இல்லை. சின்னச் சின்ன ஊரையும் கணக்கில் சேர்க்கிற ஆள், தலைநகரைப் பிடித்திருந்தால் சும்மா இருப்பானா?

மூன்றாவது சாட்சி நினிவே அரண்மனையின் சுவர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்டன் ஹென்றி லேயார்ட் தோண்டியபோது, லாகீஸ் முற்றுகையை வரிசையாகச் செதுக்கிய ஓர் அறை வெளிப்பட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அந்தக் கற்பலகைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். மதிலை இடிக்கும் பொறி மேடேறுகிறது. மேலிருந்து தீப்பந்தங்கள் விழ, பொறிக்குள் இருக்கும் ஒருவன் நீண்ட அகப்பையால் தண்ணீரை மொண்டு ஊற்றி அணைக்கிறான். பக்கத்தில் தோல்வியடைந்த குடும்பங்கள் மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு நாடுகடத்தப்படுகின்றன. சில ஆண்கள் கழுவேற்றப்பட்டிருக்கிறார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் சனகெரிப்பின் முகத்தைப் பிற்காலத்தில் யாரோ வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள்.

நான்காவது, லாகீஸ் மேடு. 1930-களில் ஜேம்ஸ் ஸ்டார்க்கியும் 1973 முதல் டேவிட் உசிஷ்கினும் அங்கே தோண்டினார்கள். மேட்டின் தென்மேற்கு மூலையில் அசீரியர்கள் கல்லைக் கொட்டி எழுப்பிய முற்றுகைச் சரிவு இன்றும் நிற்கிறது. அதற்கு எதிரே நகரத்தின் உட்புறம், ஊர்க்காரர்கள் அவசரமாகக் குவித்த எதிர்ச்சரிவு. நூற்றுக்கணக்கான அம்பு முனைகள், கவண் கற்கள், எரிந்து விழுந்த வீடுகள். நினிவேச் சிற்பி செதுக்கியதை மண் அப்படியே வைத்திருந்தது.

ஒட்டாத இடங்களும் உண்டு. ஒரே இரவில் 1,85,000 அசீரியர்களைத் தேவதூதன் சங்கரித்ததாகப் பைபிள் சொல்கிறது. அசீரியப் பதிவுகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சனகெரிப் ஊர் திரும்பியதும் மகன்களே அவனைக் கொன்றார்கள் என்ற தொனியில் கதை போகிறது. உண்மையில் கொலை நடந்தது 20 ஆண்டு கழித்து, கி.மு. 681-இல். ஆனால் மகன் கையால் செத்தான் என்பதைப் பாபிலோனியக் குறிப்பேடு உறுதி செய்கிறது. பைபிள் சொல்லும் அத்ரமலேக், ஓர் அசீரியக் கடிதத்தில் கொலைச் சதிக்காரனாக வரும் அர்த-முலிசுதான் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அதே அத்தியாயத்தில் எத்தியோப்பியாவின் ராஜா என்று குறிப்பிடப்படும் திராக்கா அரியணை ஏறியது கி.மு. 690-இல்தான்; 701-இல் அவன் ராஜா இல்லை. எழுதியவரிடம் நல்ல அரசவைத் தகவல் இருந்திருக்கிறது, அவர் எழுதியது சில தலைமுறை கழித்து என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

எசேக்கியா வெட்டிய சுரங்கம் என்று எருசலேமில் காட்டுகிறார்களே, அது நிஜமா?

சுரங்கம் நிஜம். கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம்வரை பாறைக்குள் 533 மீட்டர், வளைந்து வளைந்து போகிறது. எசேக்கியா தண்ணீரை நகரத்துக்குள் வரப்பண்ணினான் என்று 2 இராஜாக்கள் 20:20 சொல்கிறது.

1880-இல் சுரங்கத்துக்குள் தண்ணீரில் இறங்கிய ஒரு சிறுவன் கண்ணில் சுவரில் ஒரு கல்வெட்டு பட்டது. ஆறு வரி. இரு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தார்களாம். இடையே மூன்று முழப் பாறை மீதி இருக்கும்போது எதிர்ப்பக்கத்து ஆள் கூப்பிடும் குரல் கேட்டதாம். பிறகு உளியோடு உளி மோத, 1,200 முழம் தண்ணீர் ஓடியது. ராஜா பெயரும் இல்லை, கடவுள் பெயரும் இல்லை. வேலைக்காரர்களின் பெருமிதம் மட்டும்தான். எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் மிகப் பிடித்த கல்வெட்டு இதுதான். அது இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது, அப்போது எருசலேம் உதுமானியப் பேரரசுக்குள் இருந்ததால்.

காலம்? சுரங்கப் பூச்சில் சிக்கிய தாவரத் துணுக்குகளையும் கூரையில் தொங்கும் சுண்ணாம்புப் படிவத்தையும் ஆராய்ந்து 2003-இல் வந்த முடிவு கி.மு. 700-ஐ ஒட்டி அமைந்தது. கொஞ்சம் முந்தையது என்று வாதிடும் அகழாய்வாளர்களும் உண்டு. எசேக்கியா என்ற அரசனைப் பற்றிச் சந்தேகம் இல்லை: "ஆகாசின் மகன் எசேக்கியா, யூதாவின் ராஜா" என்று பதிந்த களிமண் முத்திரை, ஆலய மலைக்குத் தெற்கே 2009-இல் முறையான அகழாய்வில் கிடைத்தது. அதில் சிறகு விரித்த சூரியனும் எகிப்தின் உயிர்ச் சின்னமும் இருப்பதுதான் வேடிக்கை. விக்கிரகங்களை உடைத்த பக்திமானின் முத்திரை அது.

தாவீது இருந்தாரா?

1993-க்கு முன்பு இல்லை என்று சொல்வது எளிதாக இருந்தது. அந்த ஆண்டு வட இஸ்ரேலில் டெல் தான் மேட்டில், அவ்ரஹாம் பிரானின் குழுவில் நில அளவையாளராக இருந்த கிலா குக், பிற்காலச் சுவர் ஒன்றில் சாதாரணக் கல்லாகச் செருகியிருந்த துண்டில் எழுத்துகளைக் கண்டார். அரமேய மொழிக் கல்வெட்டு, கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. தமஸ்குவின் ராஜா ஆசகேல் வெட்டியிருக்க வேண்டும் என்பது பெரும்பான்மைக் கருத்து. தான் வென்றவர்களில் "இஸ்ரவேலின் ராஜா"வையும் "தாவீதின் வீட்டு" ராஜாவையும் சொல்கிறான்.

ஆக, தாவீது இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குள், எதிரி நாட்டான் ஒருவன் யூதா அரச குலத்தைத் தாவீதின் பெயரால் அழைத்தான். குலத்தை நிறுவியவர் இருந்தார் என்பதற்கு இது போதும். அவர் கோலியாத்தைக் கொன்றாரா, ஐபிராத்து வரை ஆண்டாரா என்பதற்குப் போதாது.

இதே கல்வெட்டு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. இஸ்ரவேல் ராஜா யோராமையும் யூதா ராஜா அகசியாவையும் கொன்றது, பிறகு இஸ்ரவேலின் ராஜாவான யெகூ என்று 2 இராஜாக்கள் 9 சொல்கிறது. சிதைந்த வரிகளை நிரப்பிப் படித்தால், "நான்தான் கொன்றேன்" என்று கல்வெட்டுக்காரன் சொல்கிறான்.

சாலொமோனின் பேரரசு? ஆலயம்?

ஆலய மலையில் அகழாய்வு நடந்ததில்லை. மத, அரசியல் காரணங்களால் அண்மையில் நடக்கப் போவதும் இல்லை. எனவே முதல் ஆலயத்தின் கல் ஒன்றுகூடக் கையில் இல்லை.

பேரரசைப் பற்றிய வாதம் மூன்று நகரவாசல்களைச் சுற்றி நடக்கிறது. சாலொமோன் ஆத்சோர், மெகிதோ, கேசேர் ஆகியவற்றைக் கட்டினான் என்கிறது 1 இராஜாக்கள் 9:15. மூன்றிலும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு அறை கொண்ட ஒரே மாதிரி வாசல்கள் கிடைத்தபோது, "ஒரே அரசன், ஒரே வரைபடம்" என்றார் யிகாயேல் யாதின். 1996-இல் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டீன் பானையோடுகளின் காலத்தையே பிந்தையதாக்கி, இவை கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலின் ராஜாக்களான உம்ரி, ஆகாப் கட்டியவை என்றார். இரு தரப்புக்கும் வித்தியாசம் நூறு ஆண்டுகூட இல்லை. கார்பன் கணிப்பின் பிழை வரம்பே பல பத்தாண்டு. அதனால்தான் சண்டை முப்பது ஆண்டாக இழுக்கிறது. 2023-இல் வெளியான கேசேர் கார்பன் தேதிகள், சாலொமோன் காலமான 10-ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறவர்களுக்குச் சாதகம். ஆனால் வாசல் 10-ஆம் நூற்றாண்டு என்று ஆனாலும் அதில் சாலொமோனின் பெயர் எழுதியிருக்கவில்லை.

இந்தக் காலத்தின் உறுதியான பிடி ஒன்று உண்டு: சாலொமோன் மகன் ரெகொபெயாம் காலத்தில் வந்த எகிப்தின் சீஷாக். அவன் முதலாம் ஷேஷாங்க். கர்னாக் கோயில் சுவரில் தன் படையெடுப்பின் ஊர்ப் பட்டியலை விட்டுச் சென்றிருக்கிறான். மெகிதோவில் அவன் பெயர் பொறித்த கல் துண்டும் கிடைத்தது. பைபிளின்படி அவன் கொள்ளையிட்டது எருசலேமை. சுவரில் எஞ்சியிருக்கும் பட்டியலில் எருசலேம் இல்லை.

எரிகோவின் மதில் விழுந்ததா?

விழுந்தது, பல முறை. யோசுவா வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் மட்டும் விழுவதற்கு மதில் இருந்ததாகத் தெரியவில்லை.

1930-களில் ஜான் கார்ஸ்டாங், இடிந்த இரட்டை மதிலைக் கண்டு "இதுதான் யோசுவா காலத்தது" என்று அறிவித்தார். இன்றும் சுற்றும் வீடியோக்கள் பலவற்றின் ஊற்று அதுதான். 1952 முதல் 1958 வரை காத்லீன் கென்யன் அங்கே ஆழமான குழி இறக்கி, குழிச்சுவரில் தெரியும் மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாகக் கோடிட்டு வரைந்தார். எந்த அடுக்கில் எந்தப் பானையோடு என்று பார்த்தபோது, கார்ஸ்டாங்கின் மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. கடைசிப் பெரிய நகரம் தீயில் அழிந்தது கி.மு. 1550 வாக்கில். அந்தத் தீயில் கருகிய தானியங்களின் கார்பன் தேதியும் 16-ஆம் நூற்றாண்டையே காட்டியது. இஸ்ரவேலர் நுழைந்ததாகப் பலரும் கருதும் 13-ஆம் நூற்றாண்டில் அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஊரே இல்லை.

யோசுவா அடுத்துப் பிடித்ததாகச் சொல்லும் ஆயி நகரத்தின் கதை இன்னும் மோசம். அது என்று பலர் ஏற்கும் எட்-டெல் மேடு கி.மு. 2400 வாக்கில் அழிந்து, ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆளற்றுக் கிடந்தது. வேறு மேட்டில் ஆயியைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆத்சோர் நேர்மாறு. 13-ஆம் நூற்றாண்டில் பெருந்தீ. அரண்மனை எரிந்து, சிலைகளின் தலையும் கையும் வெட்டப்பட்டுக் கிடந்தன. "ஆத்சோரை அக்கினியால் சுட்டெரித்தான்" என்று யோசுவா 11 சொல்வதற்கு இது பொருந்தும். தீ வைத்தவர் யார் என்பதில்தான் ஒப்புதல் இல்லை. மின்னல் வேகத்தில் நாடு முழுவதையும் பிடித்ததாக யோசுவா சொன்னால், அடுத்த புத்தகமான நியாயாதிபதிகளின் முதல் அதிகாரமே எந்தெந்த ஊரை அவர்களால் துரத்த முடியவில்லை என்று பட்டியலிடுகிறது. மண் இரண்டாவது கணக்கோடுதான் ஒத்துப்போகிறது.

அப்படியானால் இஸ்ரவேலர் எங்கிருந்து வந்தார்கள்?

கி.மு. 1208 வாக்கில் எகிப்தின் பார்வோன் மெர்னெப்தா வெட்டிய வெற்றிக் கல்லில் இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலாக வருகிறது. தீப்ஸில் 1896-இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தது. பக்கத்தில் வரும் நகரங்களுக்கு நிலத்தைக் குறிக்கும் அடையாளக் குறி. இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் குறி. ஆக அந்த நேரத்தில் அவர்கள் கானானில் இருக்கிறார்கள், ஆனால் நாடாக அல்ல.

1967-க்குப் பின் நடந்த கள ஆய்வுகளில், சற்றேறக்குறைய இதே காலத்தில் நடுமலைப் பகுதியில் 200-க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் புதிதாக முளைத்தது தெரியவந்தது. மதில் இல்லை, மாளிகை இல்லை. பானைகள் கானானியப் பானைகளின் தொடர்ச்சி. வெளியிலிருந்து வந்த படை விட்டுச்சென்ற தடமாக அது இல்லை. பெரும்பாலோர் உள்நாட்டிலிருந்தே உருவானவர்கள், ஒரு சிறு கூட்டம் எகிப்து நினைவோடு வந்து சேர்ந்திருக்கலாம் என்பதுதான் இன்று பலர் நிற்கும் இடம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

யாத்திராகமத்துக்கு ஒரு தடயமும் இல்லையா?

மோசேயோடு இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறிய கதை அது. சொல்லப்பட்ட அளவில் தடயம் இல்லை. ஆண்கள் மட்டும் ஆறு இலட்சம் என்றால் குடும்பத்தோடு இருபது இலட்சம் தாண்டும்; அன்றைய எகிப்தின் மொத்த மக்களே சில பத்து இலட்சம்தான். அவர்கள் நெடுநாள் தங்கிய காதேஸ் பர்னேயா என்று கருதப்படும் இடத்தில், மோசே காலத்து முகாமின் தடயம் கிடைக்கவில்லை. இன்னொரு நெருடல்: 13-ஆம் நூற்றாண்டில் கானானே எகிப்தின் ஆட்சிக்குள் இருந்தது. பார்வோனிடமிருந்து தப்பி பார்வோனின் கோட்டைகள் இருக்கும் நாட்டுக்கே ஓடியிருக்க வேண்டும். புத்தகத்தில் அந்தக் கோட்டைகள் பற்றிப் பேச்சே இல்லை.

பின்னணி மட்டும் பொய்யில்லை. நைல் கழிமுகத்தில் அவாரிஸ் நகரில் கானான் பக்கத்திலிருந்து வந்த மக்கள் பெருவாரியாகக் குடியிருந்ததை மன்ஃப்ரெட் பீட்டாக்கின் அகழாய்வு காட்டியது. அதன் அருகிலேயே இரண்டாம் ராம்சேஸ் எழுப்பிய பெருநகரம்தான் யாத்திராகமம் 1:11 சொல்லும் ராமசேஸ்.

ஆபிரகாம்?

தனி மனிதராக அவரை மண்ணில் தேடுவது வீண் வேலை. கதை எழுதப்பட்ட காலத்தைப் பற்றி மட்டும் சில துப்புகள் உண்டு. ஆதியாகமத்தில் ஆபிரகாமிடம் ஒட்டகங்கள் இருக்கின்றன. அராபா பள்ளத்தாக்கின் செப்புச் சுரங்கப் பகுதிகளில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது, அங்கே பாரம் சுமக்கும் ஒட்டகம் வந்தது கி.மு. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஈசாக்கு பெலிஸ்தரின் ராஜாவைச் சந்திக்கிறான். பெலிஸ்தர் அந்தக் கரைக்கு வந்ததோ 12-ஆம் நூற்றாண்டில்.

நோவா காலத்து வெள்ளம்?

உலகம் முழுவதையும் மூடிய வெள்ளத்துக்கு மண்ணடுக்கில் ஆதாரம் இல்லை. 1929-இல் மெசொப்பொத்தாமியாவின் "ஊர்" என்ற பழைய நகரில் லெனர்ட் வூலி மூன்று மீட்டருக்கு மேல் வண்டல் படிவைக் கண்டு நோவாவின் வெள்ளம் என்றார். பக்கத்து நகரங்களின் வண்டல் படிவுகள் வேறு வேறு காலத்தவை, சில ஊர்களில் இல்லவே இல்லை. கதையின் ஊற்று தெரிகிறது: 1872-இல் ஜார்ஜ் ஸ்மித், மெசொப்பொத்தாமியக் கில்காமேஷ் காவியத்தின் பலகையில் கப்பல், பறவைகளை விட்டுப் பார்ப்பது, மலைமேல் தங்குவது எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். அக்காவியத்தின் துண்டு ஒன்று மெகிதோவிலேயே கிடைத்திருக்கிறது. அரராத்தில் "பேழை" என்று சுற்றும் படகு வடிவப் படம் இயற்கையான மண் அமைப்பு.

எதிரி ராஜாக்களின் கல்வெட்டும் தற்பெருமைதானே? அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

நம்ப வேண்டியதில்லை, ஒத்துப் பார்க்க வேண்டும். மோவாப் நாட்டு ராஜா மேசாவின் கல் இதற்கு நல்ல பாடம். 1868-இல் இன்றைய ஜோர்தானின் தீபானில் வெளிச்சத்துக்கு வந்த கருங்கல், 34 வரி. ஐரோப்பியர்கள் போட்டி போட்டு விலை பேசியதில் கடுப்பான பெதுவின்கள் அதைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். முன்பே ஈரக் காகிதத்தை அழுத்தி எடுத்திருந்த படி ஒன்று இருந்ததால் கல்வெட்டு பிழைத்தது.

"உம்ரி மோவாபைப் பல நாள் ஒடுக்கினான், ஏனென்றால் காமோஸ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்தார்" என்கிறான் மேசா. காமோஸ் மோவாபியரின் கடவுள். கடவுளின் பெயரை மாற்றினால் நியாயாதிபதிகளின் வாக்கியம். பிறகு கடவுள் மனமிரங்கினார், நான் எழுந்தேன், இஸ்ரவேல் அழிந்தேபோயிற்று என்கிறான். 2 இராஜாக்கள் 3-இலும் மேசா கலகம் செய்கிறான். அங்கே இஸ்ரவேல் படை மோவாபை நாசமாக்குகிறது, கடைசியில் மேசா தன் மூத்த மகனை மதில்மேல் பலியிட, படை திரும்பிவிடுகிறது. இரு கணக்கையும் பக்கத்தில் வைத்தால் எஞ்சுவது: கப்பம் கட்டிய நாடு, கலகம், இஸ்ரவேலின் பின்வாங்கல். இந்த மூன்றையும் யாரும் மறுக்கவில்லை.

பாபிலோன் சிறையிருப்பு?

இங்கே ஆதாரம் தேதிவாரியாகவே இருக்கிறது. பாபிலோனியக் குறிப்பேட்டின்படி நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்த நாள் கி.மு. 597 மார்ச் 16. பிடித்த ராஜாவைக் கொண்டுபோய், தன் மனசுக்குப் பிடித்த வேறொருவனை வைத்தான் என்று அது சொல்கிறது; 2 இராஜாக்கள் 24 சொல்வதும் அதுவே.

கொண்டுபோன ராஜா யோயாக்கீன். அவனுக்கு அரண்மனையில் தினப்படி கொடுக்கப்பட்டதோடு புத்தகம் முடிகிறது. பாபிலோன் அரண்மனைக் கிடங்கில் ராபர்ட் கோல்டவே தோண்டியெடுத்த பலகைகளை 1939-இல் எர்ன்ஸ்ட் வைட்னர் வெளியிட்டபோது, அவை எண்ணெய் அளந்து கொடுத்த ரேஷன் கணக்குகள் என்று தெரிந்தது. "யூதாவின் ராஜா யாவுகின்", "யூதா ராஜாவின் ஐந்து மகன்கள்" என்று பெயர் போட்டு அளவும் குறித்திருக்கிறான் ஒரு கிடங்குக் கணக்கன். மதப் பிரசாரத்துக்கும் தற்பெருமைக்கும் சம்பந்தமில்லாத சீட்டு. அதனால்தான் இதற்கு மதிப்பு அதிகம்.

தானியேல் புத்தகத்துக்கு வாருங்கள், இந்தத் துல்லியம் காணாமல்போகிறது. பெல்ஷாத்சார் என்ற ஆள் உண்மை. ஆனால் அவன் நேபுகாத்நேச்சாரின் மகன் அல்ல, நபோனிதுவின் மகன். தந்தை வெளியூரில் இருந்தபோது ஆட்சியைக் கவனித்தவன். அவனுக்குப் பிறகு வந்ததாகச் சொல்லப்படும் மேதியனாகிய தரியுவைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை, கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்தது பெர்சிய ராஜா கோரேஸ். தானியேல் இன்றுள்ள வடிவத்தில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு நூல் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைபிள் சொல்லாமல் விட்டதை மண் சொல்கிறதா?

நிறைய. கி.மு. 853-இல் கர்கார் போரில் அசீரியாவை எதிர்த்த கூட்டணிக்கு ஆகாப் 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் கொடுத்ததாக அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசர் எழுதியிருக்கிறான். பைபிளில் நாபோத்தின் திராட்சத்தோட்டம் வருகிறது, இந்தப் போர் வரவில்லை. அதே சல்மனாசரின் கருங்கல் தூணில் யெகூ என்று பெயர் குறித்த உருவம் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிடுகிறது. அதுவும் பைபிளில் இல்லை.

வழிபாட்டிலும் அப்படியே. சினாயின் குந்திலத் அஜ்ருதில் 1975-76-இல் கிடைத்த பெரிய ஜாடிகளில், கி.மு. 800-ஐ ஒட்டிய எழுத்துகள் "சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்" என்று ஆசீர்வதிக்கின்றன. யாவே இஸ்ரவேலின் கடவுள், அசேரா கானானியப் பெண் தெய்வம். பழைய திருப்புதல் "தோப்பு விக்கிரகம்" என்று சொல்வது இந்த அசேராவைத்தான். ஜனங்கள் ஒரே கடவுளோடு நிற்கவில்லை என்று தீர்க்கதரிசிகள் திட்டியது வீண் திட்டு அல்ல. யூதாவின் ஆராத் கோட்டைக்குள் ஒரு கோயிலே இருந்தது. அதன் சின்னப் பலிபீடத்தில் கஞ்சா எரித்த படிவு இருந்ததாக 2020-இல் ஆய்வு வந்தது. பத்திரிகைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எழுத எழுத நூல் மாறிவிட்டதா?

சவக்கடல் சுருள்கள் 1947 முதல் கிடைக்கும்வரை, எபிரெய பைபிளின் முக்கியப் பிரதிகள் கி.பி. 10-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. சவக்கடலோரக் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருள் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. சிறு வேறுபாடுகள் ஏராளம், ஆனால் அதே ஏசாயா. எரேமியாவின் கதை வேறு: கிரேக்க மொழிபெயர்ப்பில் இருக்கும் குட்டையான வடிவத்துக்கு ஒத்த எபிரெயத் துண்டும் அங்கே கிடைத்தது. ஒரே நேரத்தில் இரண்டு எரேமியாக்கள் புழங்கியிருக்கிறார்கள்.

இன்னும் பழையது எருசலேமின் கெதெஃப் இன்னோமில் 1979-இல் கேப்ரியேல் பார்காய் ஒரு கல்லறையில் கண்ட இரண்டு வெள்ளித் தகட்டுச் சுருள்கள். தாயத்துகள்தான், பெரியதை விரித்தாலும் பத்து சென்டிமீட்டர் நீளம் இல்லை. உடையாமல் விரிக்கவே சில ஆண்டுகள் ஆயின. சபைகளில் இன்றும் சொல்லும் "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற வார்த்தைகள் அதில் இருக்கின்றன. காலம் கி.மு. 600-ஐ ஒட்டி.

புதிய ஏற்பாடு?

பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது, அரங்கத்துப் படிக்கட்டில் மறுபடி பயன்படுத்திய கல்லாக. பவுலின் வழக்கைக் கேட்ட ரோம ஆளுநர் கல்லியோன் கிரேக்கத்தின் அகாயாவை ஆண்ட காலத்தை தெல்பி கல்வெட்டு கி.பி. 51-52 என்று காட்ட, பவுலின் பயணங்களுக்கே அது தேதி ஆணியாகிவிட்டது. இடிப்பது லூக்கா 2: சீரியாவை ஆண்ட ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6-இல், ஏரோது செத்தது கி.மு. 4-இல். இரண்டையும் ஒரே பிறப்புக் கதையில் வைக்கப் பல விளக்கங்கள் உண்டு, ஒன்றும் எனக்குத் திருப்தி தரவில்லை.

கிடைக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. கி.மு. 14-ஆம் நூற்றாண்டு எருசலேமில் கட்டடத் தடயம் மிகச் சொற்பம். அங்கிருந்து அப்தி-ஹெபா என்ற அரசன் பார்வோனுக்கு எழுதிய கடிதங்கள் எகிப்தின் அமர்னாவில் கிடைத்திருக்காவிட்டால், அப்போது ஊரே இல்லை என்று எழுதியிருப்பார்கள். எரிகோ அப்படியல்ல. அங்கே பலர் பல முறை தோண்டி, முன்னும் பின்னும் உள்ள அடுக்குகளைக் கண்டு, தேவையான அடுக்கை மட்டும் காணவில்லை. தேடாத இடத்தில் கிடைக்காததையும் தேடிய இடத்தில் கிடைக்காததையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் கண்டுபிடிப்புச் செய்தியை எப்படிச் சோதிப்பது?

எங்கே, யார் தோண்டும்போது, எந்த அடுக்கில் கிடைத்தது என்று கேளுங்கள். "சந்தையில் வாங்கியது" என்று பதில் வந்தால் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் பைபிள் அருங்காட்சியகம் வைத்திருந்த 16 சவக்கடல் சுருள் துண்டுகளும் போலி என்று 2020-இல் அந்த அருங்காட்சியகமே அறிவித்தது. 2002-இல் உலகைக் கலக்கிய "இயேசுவின் சகோதரன் யாக்கோபு" எலும்புப்பெட்டியும் சந்தைச் சரக்கு. வழக்கில் உரிமையாளர் 2012-இல் விடுதலையானார், ஆனால் எழுத்து அசல் என்று அதற்கு அர்த்தமில்லை என்று நீதிபதியே சொன்னார். செங்கடலடியில் பார்வோனின் ரதச் சக்கரம் என்று வருகிற படங்களில் ஒன்றைக்கூட எந்த ஆய்வகமும் கையில் வாங்கிச் சோதித்ததில்லை.

இவற்றை நேரில் எங்கே பார்க்கலாம்?

சனகெரிப்பின் பட்டகம், லாகீஸ் சிற்பங்கள், யெகூ குனியும் தூண் மூன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், நுழைவு இலவசம். மேசா கல் பாரிஸ் லூவரில். டெல் தான் கல்வெட்டு, வெள்ளித் தாயத்துகள், பிலாத்துவின் கல், ஏசாயா சுருள் எல்லாம் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானவை அல்லது அங்கே வைக்கப்பட்டவை. ஏசாயா சுருளுக்குப் பதில் பெரும்பாலும் நகல்தான் கண்ணாடிக்குள் இருக்கும். யோயாக்கீனின் எண்ணெய்க் கணக்கு பெர்லினில். அந்தத் தொகுப்பு இருக்கும் பெர்காமோன் கட்டடம் 2023 அக்டோபரில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. டிக்கெட் போடும் முன் திறந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.